கம்பர் ஆறு

சென்ற ஆண்டு மே மாதம் அம்மா, அமெரிக்காவில் நான் இருக்கும் நாஷ்வில்லுக்கு வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் மாலை, நகரத்தின் நடுவே ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் பழைய இரும்பு நடைபாலத்துக்கு அவரை அழைத்துப் போனேன். அந்த வாரம் நல்ல மழை. ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செம்பழுப்பாக ஓடியது. மணல் ஏற்றிய நீளமான படகு ஒன்று காலுக்கு அடியில் மெதுவாகப் போனது. அம்மா காஞ்சிபுரத்துக்காரர். பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போகும் இடத்தில் வாழ்நாள் முழுவதும் இருந்தவர். கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் கேட்டார்: "இந்த ஆத்துக்கு என்னப்பா பேரு?" "கம்பர்லேண்ட்மா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "கம்பரா?" முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அந்த ஒலியில் வேறு எதுவும் அவர் காதில் விழ வழியில்லை. நம்ம கம்பர் இல்லைம்மா என்றேன். "அப்ப வேற எந்தக் கம்பரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அந்த ஆற்றைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். மகள் சின்னவளாக இருந்தபோது தண்ணீரில் ஆடித் தீர்த்த ஆற்றோரப் பூங்காவின் பெயர் கம்பர்லேண்ட் பார்க். கிழக்கே காரில் போனால் ஏறுகிற மலைமேடு கம்பர்லேண்ட் பீடபூமி. அதையும் தாண்டினால், மூன்று மாநிலங்கள் கூடுகிற இடத்தில், கம்பர்லேண்ட் கணவாய். பக்கத்து ஊரில் கம்பர்லேண்ட் பல்கலைக்கழகம். இத்தனை தடவை வாயில் புழங்கிய பெயர் யாருடையது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. சென்னையில் இருந்தபோது மவுண்ட் ரோடா, அண்ணா சாலையா என்று நண்பர்களோடு இரவு முழுக்க வாதாடியவன் நான். வந்து சேர்ந்த ஊரில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

அலுவலகத்தில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். யாருக்கும் தெரியவில்லை, தெரியவில்லையே என்ற கூச்சமும் இல்லை. இரவு உட்கார்ந்து தேடிப் படித்துவிட்டுக் காலையில் அம்மாவிடம் சொன்னேன்: "இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜார்ஜோட பையன். வில்லியம் அகஸ்டஸ்னு பேரு. கம்பர்லேண்ட் டியூக்குங்கிறது பட்டம். படைத்தளபதியா இருந்திருக்காரு." அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லவரா?" என்றார். ஸ்காட்லாந்துக்காரர்கள் அவரைக் கசாப்புக்காரர் என்று அழைத்தார்கள் என ஒரு வரி படித்திருந்தேன். என்ன காரணத்தாலோ அதைச் சொல்லவில்லை. "அவ்வளவா தெரியலம்மா" என்று எழுந்து போய்விட்டேன்.

கலோடன்

அக்டோபரில் வேலை விஷயமாக எடின்பரோ போக வேண்டி வந்தது. வேலை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அம்மா கேட்ட அந்த ஒரு சொல் மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், வார இறுதியில் ரயிலேறி இன்வர்னெஸ் போனேன். 1746இல் டியூக்கின் படை வென்ற கலோடன் போர்க்களம் அங்கிருந்து பக்கம்தான். மரமில்லாத ஈரமான மேட்டுநிலம். பூத்து முடிந்து பழுப்பேறிய புதர்கள். அரசுப் படை நின்ற வரிசைக்குச் சிவப்புக் கொடிகள், எதிரே நின்ற ஜேக்கபைட்டுகளின், அதாவது பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குலத்தை மீண்டும் அரியணையேற்றப் போராடியவர்களின், வரிசைக்கு நீலக் கொடிகள். இரண்டுக்கும் நடுவே புல் மூடிய நீண்ட மேடுகள். மேடுகளின் தலைமாட்டில் 1881இல் நட்ட கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குலப்பெயர். ஃப்ரேசர், மெக்கின்டாஷ், கேமரன். எந்தக் குலம் என்று பிரித்துச் சொல்ல முடியாதவர்களுக்குச் சேர்த்து ஒரு கல். அதில் "கலந்த குலங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தக் கல்லின் முன் யாரோ புதிதாக ஒரு கொத்துப் பூ வைத்திருந்தார்கள்.

வழிகாட்டி எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். எங்கள் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தோம். சம்பவத்தை அவர் சத்தம் உயர்த்தாமல், வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். 1746 ஏப்ரல் 15, டியூக்குக்கு 25 வயது நிறைந்த நாள். அரசுப் படை நேர்ன் ஊரில் முகாமிட்டிருந்தது. பிறந்தநாள் என்று சிப்பாய்களுக்கு பிராந்தி கொடுத்தார்கள். குடித்துக் கிடப்பார்கள், இரவோடு இரவாகப் போய்த் தாக்கலாம் என்று ஜேக்கபைட்டுகள் பசித்த வயிற்றோடு இருட்டில் நடந்தார்கள். பாதி வழியிலேயே பொழுது விடியும் போலிருக்க, திரும்பிவிட்டார்கள். தூக்கமில்லாமல், சோறில்லாமல் வந்து விழுந்தவர்களை மறுநாள் இந்த மேட்டில் பீரங்கி எதிர்கொண்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜேக்கபைட்டுகளில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 1,500 முதல் 2,000 பேர். அரசுப் படையில் இறந்தவர்கள் சுமார் 50 பேர்.

போரில் சாவது வேறு என்றார் அவர். அதற்கப்புறம் நடந்ததை இந்த நாடு மறக்கவில்லை. களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைக் குத்திக் கொன்றார்கள். தப்பியோடியவர்களைச் சாலை நெடுக வெட்டினார்கள். வாரக்கணக்கில் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தினார்கள். மாடுகளை ஓட்டிப் போனார்கள். அந்த ஆண்டே ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடையை அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. அதை விலக்க 1782 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுற்று முடிந்ததும் ஒவ்வொருவராக எந்த ஊர் என்று விசாரித்தார். என் முறை வந்தது. தமிழ்நாட்டில் பிறந்தவன், இப்போது டென்னசியில் நாஷ்வில்லில் இருக்கிறேன் என்றேன். பாட்டு ஊராச்சே என்று சிரித்தார். பெரிய ஆறு ஒன்று உண்டே அங்கே, அதன் பெயர் என்ன என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. அந்த மேடுகளுக்கும் எனக்கும் இடையே பத்தடி இருக்கும். எட்டு வருடமாக முகவரி போலச் சொல்லிவந்த சொல்லை அங்கே நின்று உச்சரிப்பது, இழவு வீட்டில் கொன்றவன் பெயரைக் கூவுவது மாதிரி இருந்தது. கடைசியில் மெல்லச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அங்கேயும் வந்துவிட்டாரா அவர்?" என்றார். அவ்வளவுதான். மற்றவர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் நெஸ் ஏரிக்கரை வழியாகப் பேருந்தில் போர்ட் அகஸ்டஸ் போனேன். ஏரியின் தென்மேற்கு முனையில் உள்ள சின்ன ஊர். கால்வாயில் படிப்படியாக ஐந்து மதகுகள். படகுகள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கச் சுற்றுலாக் கூட்டம். "அகஸ்டஸ்" அதே ஆள்தான். 1729இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கிய ஜெனரல் வேட், அரசரின் மகன் பெயரை அதற்கு வைத்தார். இளவரசருக்கு அப்போது எட்டு வயது. பதினேழு வருடம் கழித்து, கலோடன் முடிந்த அடுத்த மாதம், அந்த எட்டு வயதுப் பிள்ளை தளபதியாகத் தன் பெயர் கொண்ட ஊருக்கே வந்து கூடாரமடித்தார். மலைநாட்டு வீடுகளிலிருந்து ஓட்டிவந்த ஆயிரக்கணக்கான மாடுகளை அங்கேதான் அடைத்தார்கள். தெற்கிலிருந்து வந்த வியாபாரிகளுக்கு அங்கேதான் விற்றார்கள். மாட்டைப் பறிகொடுத்தவனின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் கடிதத்தில் அந்தப் பெயரைத்தான் ஊராக எழுத வேண்டும். ஆனால் சாலையோரப் பெயர்ப்பலகையில் இன்னொரு பெயரும் இருந்தது, மலைநாட்டுக்காரர்களின் கேலிக் மொழியில்: கில்லெ குமெய்ன். குமெய்ன் என்ற துறவியின் கோயில் என்று பொருள். கோட்டைக்கு முன்னாலிருந்து வருகிற பெயர் அது. அந்தப் பலகையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவரிடம் மறைத்ததை அன்று இரவு தொலைபேசியில் முழுவதும் சொன்னேன்.

ஐந்து வயதில் டியூக்

ஊர் திரும்பியதும் தேடல் கிட்டத்தட்ட ஒரு வெறியாகிவிட்டது. ஒரு மனிதர் பெயர் எத்தனை இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனேன். 1726இல் அவருக்கு டியூக் பட்டம் கிடைத்தபோது வயது ஐந்து. வர்ஜீனியாவில் பிரின்ஸ் வில்லியம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிறந்தபோது, 1731இல், வயது பத்து. ஜார்ஜியாவின் கடலோரத்தில் கம்பர்லேண்ட் தீவு இருக்கிறது. 1734இல் லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட பூர்வகுடிச் சிறுவன் டூனஹோவிக்கு, ஏறத்தாழ தன் வயதுக்காரனான இளவரசன் தங்கக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தான்; ஊர் திரும்பிய சிறுவன் அந்தத் தீவுக்கு நண்பன் பெயரை வைக்கச் சொன்னான் என்று சொல்வார்கள். என் பட்டியலில் பிரியத்தினால் வந்த பெயர் என்று இது ஒன்றைத்தான் சொல்ல முடியும். அந்தத் தீவுக்கும் அதற்கு முன்பே டகடகுரு என்று பெயர் இருந்தது.

கலோடனுக்கு அப்புறம்தான் வெள்ளம். நாடாளுமன்றம் ஆண்டுக்கு 25,000 பவுன் கூடுதல் மானியம் தந்தது. இசையமைப்பாளர் ஹேண்டல் அவரது வெற்றியைக் கொண்டாட ஒரு இசைநாடகமே எழுதி 1747இல் அரங்கேற்றினார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம், அதுவும் ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழகம், அவரை வேந்தராக்கியது. அந்நாட்டில் எல்லோரும் ஜேக்கபைட்டுகள் இல்லையே. தாழ்நிலத்தில் வாழ்ந்த, பிரெஸ்பிடீரியன்கள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர் பலருக்கு அவர் காவல் தெய்வம். அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் கம்பர்லேண்ட் கவுண்டிகள் அடுத்தடுத்து முளைத்தன: நியூ ஜெர்சியில் 1748, வர்ஜீனியாவில் 1749, பென்சில்வேனியாவில் 1750, வட கரோலினாவில் 1754, மெய்னில் 1760. மேரிலாந்தில் வாஷிங்டன் இளம் அதிகாரியாக இருந்த கோட்டைக்கும் அதே பெயர். இன்று அது கம்பர்லேண்ட் நகரம். கனடாவில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த போசெஜூர் கோட்டைக்கும் 1755இல் அதே பெயரைச் சூட்டினார்கள்.

பெயர்கள் இப்படிப் பெருகிக்கொண்டிருந்தபோதே அந்த மனிதர் சரிந்துவிட்டார். 1757இல் ஜெர்மனியில் ஹேஸ்டன்பெக் போரில் பிரெஞ்சுப் படையிடம் தோற்று, தன் சேனையைக் கலைத்துவிடுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கெடுத்துத் தன்னையும் அவமானப்படுத்திக்கொண்ட மகன் இதோ வருகிறான் என்று சொன்னாராம் தகப்பன். பதவிகளையெல்லாம் விட்டு விலகினார். குதிரை வளர்த்தார்; பந்தயத்தில் ஒருமுறைகூடத் தோற்காத எக்ளிப்ஸ் குதிரை அவர் லாயத்தில் பிறந்ததுதான். 1765இல், 44 வயதில், கல்யாணமாகாமலே இறந்தார். லண்டன் கேவன்டிஷ் சதுக்கத்தில் 1770இல் வைத்த அவரது குதிரைச் சிலையை 1868இல் எடுத்துவிட்டார்கள். பீடம் மட்டும் நின்றது. 2012இல் கொரியக் கலைஞர் மீக்யங் ஷின் அந்தப் பீடத்தின் மேல் அதே சிலையைச் சோப்பில் செய்து வைத்தார். லண்டன் மழையில் டியூக்கும் குதிரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார்கள். சிலை போகும், படம் போகும். ஆற்றின் பெயரை எந்த மழையிலும் கரைக்க முடியவில்லையே என்று அதைப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஓடையோரத்தில் ஒரு மனு

என் ஆற்றுக்கு வருகிறேன். பெயர் வைத்தவர் தாமஸ் வாக்கர் என்ற வர்ஜீனியா மருத்துவர். லாயல் கம்பெனி என்ற நிலக் கம்பெனிக்கு மலைகளுக்கு மேற்கே 8 லட்சம் ஏக்கர் நிலம் பிடித்துக்கொள்ள 1749இல் உரிமை கிடைத்திருந்தது. அதற்கு இடம் பார்க்க ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு அடுத்த வசந்தத்தில் காட்டுக்குள் புகுந்தார். 1750 ஏப்ரல் 13ஆம் தேதி கணவாயைக் கடந்தார்கள். 17ஆம் தேதி நாட்குறிப்பில் வாக்கர் எழுதியது மிகச் சாதாரணம்: ஓடை வழியே வேட்டைக்குப் போனேன், ஒரு மைல் கீழே அது ஓர் ஆற்றில் சேர்ந்தது, அதற்குக் கம்பர்லேண்ட் ஆறு என்று பெயரிட்டேன். விழா இல்லை, கொடி இல்லை. கலோடன் நடந்து சரியாக நாலு வருடமும் ஒரு நாளும். அதே பயணத்தில் இன்னோர் ஆற்றுக்கு டியூக்கின் தங்கை லூயிசாவின் பெயரை வைத்தார். அது ஜனங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து இன்று லெவைசா ஆகிவிட்டது.

அந்த நாட்குறிப்பு வரியைப் பல நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். வாக்கர் டியூக்கைக் கொண்டாடவில்லை. அவருக்கு வேண்டியது நிலம். நிலத்துக்கு வேண்டியது லண்டனின் தயவு. 1750இல் லண்டனில் காது கொடுத்துக் கேட்கப்படுகிற பெயர் அது. ஆக ஆற்றின் மேல் எழுதியது ஒரு மனு. அனுப்புநர், ஏக்கர் கேட்கிறவர். பெறுநர், கடலுக்கு அப்பால் இருக்கிற அரசவை. ஆறு வெறும் காகிதம். டியூக் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததில்லை, அதன் தண்ணீரில் கை நனைத்ததில்லை. படைத்தளபதிகளின் பெயர் வீரத்துக்காகத்தான் இடங்களுக்கு வருகிறது என்று நான் நம்பியிருந்தேன். இப்போது எந்த ஊரில் எந்தத் தளபதியின் பெயரைப் பார்த்தாலும், அன்றைக்கு யார் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் முதலில் மனது போகிறது.

இதில் என்னை மிகவும் வருத்தியது வட கரோலினா. கலோடனுக்கு முன்பே மலைநாட்டுக்காரர்கள் அங்கே கேப் ஃபியர் ஆற்றங்கரையில் குடியேறத் தொடங்கியிருந்தார்கள். அப்புறம் வறுமையும் குத்தகை உயர்வும் துரத்த, கப்பல் கப்பலாக வந்தார்கள். கேலிக் பேசினார்கள், கேலிக்கில் பிரசங்கம் கேட்டார்கள். அவர்கள் அடர்த்தியாக வாழ்ந்த கவுண்டிக்கு 1754இல் அரசு வைத்த பெயர் கம்பர்லேண்ட். தகப்பன் கலோடன் மேட்டில் கிடந்தான். மகன் கம்பர்லேண்ட் கவுண்டியில் வரி கட்டினான். ஜேக்கபைட்டுகளின் தலைவராக இருந்து தோற்ற ஸ்டூவர்ட் இளவரசரைப் பெண் வேடமிட்டுத் தப்பவைத்த ஃப்ளோரா மெக்டொனால்டுகூட 1774இல் அந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். அந்த மனிதர்கள் பத்திரத்தில் தங்கள் ஊர்ப்பெயரை எழுதும்போது கை ஒரு நொடி நின்றிருக்குமா?

மாற்ற வேண்டுமா?

அக்டோபரிலிருந்து எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான். ஆற்றின் பெயரை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "இங்க யாருக்கு அந்த ஆளத் தெரியும்? ஆத்தத்தான் தெரியும்" என்பது அவள் வாதம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 2010 மே வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டே நாளில் 13 அங்குலத்துக்கு மேல் மழை; ஆறு 51.86 அடிக்கு ஏறி நகரத்துக்குள் வந்துவிட்டது. அவருடைய அக்காவின் வீட்டில் கூரை வரை தண்ணீர். "கம்பர்லேண்ட் எங்கள் கல்யாண ஆல்பத்தைக்கூட விடவில்லை" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வந்தபோது அதில் டியூக் இல்லை, லண்டன் இல்லை. தெருவுக்குள் வந்த தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அது எப்போதோ நடந்துவிட்டிருக்கிறது. 1810இல் இங்கே பிறந்த கம்பர்லேண்ட் பிரெஸ்பிடீரியன் சபை தன் பெயரை இந்த ஆற்று நாட்டிலிருந்து எடுத்தது; அந்தச் சபை 1842இல் தொடங்கிய பல்கலைக்கழகம் சபையிடமிருந்து எடுத்தது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தெற்கை எதிர்த்துப் போரிட்ட வடக்கின் பெரிய சேனைகளில் ஒன்று கம்பர்லேண்ட் சேனை. அதற்கும் பெயர் கொடுத்தது ஆறுதான். பெயர் ஆளிடமிருந்து கழன்று ஆற்றுக்கு வந்து, ஆற்றிலிருந்து வேறு மனிதர்களுக்குப் போய்விட்டது. சரி, ஆற்றுக்கு இருக்கட்டும் என்று மனது இறங்கி வந்தது. போர்ட் அகஸ்டஸுக்கு மட்டும் அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. அங்கே பெயர் காயத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நெருப்பு வைத்தவன் பெயரை எரிந்த வீட்டு வாசலில் எழுதுவதும், அவனை அறியாத ஓர் ஆற்றில் எழுதுவதும் ஒன்றில்லை. நான் அங்கே பிறந்திருந்தால் கில்லெ குமெய்ன் என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

இந்த முடிவை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கதை. கலோடன் காலத்தில் அரசரை எதிர்த்துக் கலகம் செய்த 18 வயதுப் பையன் ஜான் மெக்கென்சி, லார்ட் மெக்லவுட், போருக்கு முந்தின நாளே பிடிபட்டு, பிறகு மன்னிக்கப்பட்டான். முப்பது வருடம் கழித்து அதே அரச வம்சத்துக்காக மலைநாட்டு ரெஜிமென்ட் ஒன்றைத் திரட்டி, 1780 ஜனவரியில் மதராசுக்குக் கொண்டுவந்தான். அந்த ரெஜிமென்டின் சில கம்பெனிகள் அந்த வருடம் செப்டம்பர் 10ஆம் தேதி ஹைதர் அலி, திப்புவின் படையிடம் சிக்கி அழிந்தன. அழிந்த இடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூர். "நம்ம புள்ளலூருக்கா? அவனுங்க அங்கேருந்து இங்க வந்தா சாவணும்?" என்று அம்மா நெடுநேரம் அங்கலாய்த்தார். அந்த ஊர் வழியாக அவர் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் தயாராக இல்லை. "அந்த டாக்டர் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆத்துக்குப் பேரே இல்லாம இருந்துச்சா?" ஆறு மாதமாக ஒரு டியூக்கின் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரை வெறுத்தபோதும் பேச்சு அவரைப் பற்றியேதான் இருந்தது. அவருக்கு முன்னால் யார் என்று நான் கேட்கவில்லை. பிரெஞ்சு வரைபடங்களில் இந்த ஆறு ஷாவனோ ஆறு, அதாவது ஷானி என்ற பூர்வகுடி மக்களின் ஆறு. அவர்கள் இங்கே கரையில் ஊர்கள் கட்டி வாழ்ந்தவர்கள். வாக்கர் வருவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் சண்டைகளில் இங்கிருந்து விரட்டப்பட்டார்கள். இன்று ஷானிகளின் மூன்று பழங்குடி அரசுகளும் ஓக்லஹோமாவில் இருக்கின்றன. வாரியோட்டோ என்றும் ஆற்றுக்குப் பெயர் இருந்தது. வாக்கர் கடந்த கணவாயும் காலியாக இல்லை. அவர் நடந்தது பல தலைமுறைக் கால்கள் போட்ட போர்வீரர் பாதையில்தான். எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற சாலைக்கு ஓல்ட் ஹிக்கரி என்று பெயர், செரோக்கி முதலான பூர்வகுடிகளை ஊரைவிட்டுத் துரத்தும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆண்ட்ரூ ஜாக்சனின் செல்லப்பெயர். அர்ச்சனைத் தட்டோடு அந்தச் சாலையில் எத்தனை வெள்ளிக்கிழமை போயிருப்பேன்!

மகளிடம் அந்தப் பெயர்களைச் சொன்னேன். ஷாவனோ அவளுக்குப் பிடிக்கவில்லை, வாரியோட்டோ பிடித்தது. சென்ற மாதம் பாலத்தில் நின்றுகொண்டு, தண்ணீரைப் பார்த்து அந்தச் சொல்லை நாலைந்து முறை சத்தமாகச் சொன்னாள். அருகில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இந்த ஆற்றின் பெயர் என்றாள். அவர் எங்களைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். எழுத்துக் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டு போனார்.

நேற்றிரவு இங்கே பெருமழை. செய்தியில் பார்த்திருப்பார் போலிருக்கிறது, விடிவதற்கு முன்னால் அம்மாவிடமிருந்து அழைப்பு. நலம் விசாரிக்கவில்லை, நேரே கேட்டார்: "ஆத்துல தண்ணி ஏறுதா?" ஏறுகிறதுதான், ஆனால் கரைக்குள்தான் இருக்கிறது என்றேன். ஆயாவிடம் காட்ட வேண்டும் என்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பாலத்துக்குப் போய், போனைக் கைப்பிடிக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். காஞ்சிபுரத்தில் சாயங்காலம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.